நீலக் கடிதத்தில் நாற்பது செக்கன்

பான்
6 மார்ச் 1994

அன்புத் தங்கை அன்ரனிற்றாவுக்கு,

நானும் உன் மகளும் சுகம். நீயும் றெஜினோல்டும் அப்படியே இருக்க வேண்டும் என்று மன்றாடுகிறேன். உன் தொய்வு வருத்தம் எப்படி, மூச்சு இழுக்கிறதா? பனிக்காலம் முடிந்தும் இங்கே ஜேர்மனியில் வெயில் இல்லை.

உன் கடிதத்தை ஞாயிறு பூசை முடிந்து வந்து, வழக்கம்போல மேசையில் இருந்து லவினியாவுக்கு வாசித்தேன். எட்டு வயதில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியவளுக்கு வருகிற ஜூலையில் பதினாறு முடிகிறது. அச்சுத் தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். உன் கையெழுத்து அவளுக்கு ஏலாது. நான் வாசிக்க, அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலிருந்து நான் வர ஆறு மணியாகும். பேராதனையில் படித்த இரசாயனம் இங்கே குடுவை கழுவ உதவுகிறது. அதுவரை அவள் எங்கள் தெருவிலுள்ள ஸ்பானியக் கத்தோலிக்க மிஷன் மண்டபத்தில் இருக்கிறாள். கீழ்வீட்டு லாராதான் கூட்டிக்கொண்டு போகிறவள். லாராவின் குடும்பம் சிலி நாட்டிலிருந்து எங்களைப்போல அகதியாக வந்தது. நாலைந்து வருடப் பழக்கத்தில் லவினியாவுக்கு இந்த ஊர் டொச் மொழியோடு அவர்களின் ஸ்பானிஷும் வந்துவிட்டது. இப்போது அங்கே ஒரு பாட்டுக் குழுவில் சேர்ந்திருக்கிறாள். மிஷன் மண்டபம், பக்கத்தில் கன்னியர் மடம். தேவாலயப் பாடகர் குழுதானே என்று சம்மதித்துவிட்டேன்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். அப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்று மறந்துபோய்விட்டது என்கிறாள். ஜூலை 22 அவளுடைய பிறந்தநாள். யாழ்ப்பாணத்தில் ரெலிபோன் இல்லையே, றெஜினோல்ட் வவுனியாவுக்குப் போய் ஒரு தரம் எடுக்க முடியுமா? எங்கள் இலக்கத்தைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறேன்.

உன் சுகத்தை எதிர்பார்க்கும் அக்கா,
டொறத்தி

*

பாசையூர், யாழ்ப்பாணம்
2 மே 1994

இயேசு மரி சூசை துணை

என் அன்பான அக்காவுக்கு,

இங்கே நாங்கள் ஆண்டவர் கிருபையால் சுகம். உங்கள் முழங்கால் நோவுக்கு வேப்பெண்ணெய் பூசுகிறீர்களா? தொய்வு எனக்கு மழைக்கு மட்டும் வருகிறது.

பிள்ளை கோவிலில் பாடுகிறாள் என்று கேட்டு அழுதுவிட்டேன். எந்தப் பாட்டுகள் என்று எழுதுங்கோ.

இவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் வழக்கம்போல இந்த நீல வான்கடிதத் தாளின் கடைசி மடிப்பு வரைக்கும் எழுதுகிறேனாம். "அரசாங்கம் விக்கிற தாளிலை ஒரு அங்குலம் மிச்சம் விட்டாலும் உனக்கு நித்திரை வராது" என்கிறார். இருபது வருடம் தபாற்கந்தோரில் முத்திரை குத்திய மனுசனுக்கு வேறென்ன பகிடி வரும்? இந்தக் கடிதத்தைக் கொழும்புக்குக் கொண்டுபோய்த் தபாலில் போடுகிற சிஸ்டர், அனுப்புகிறவரின் பெயர் விலாசம் போட வேண்டாம் என்று சொன்னா. நான் கவலைப்பட்டேன். அதற்கும் சிரிக்கிறார். "விசரி, அனுப்பினவர் ஆர் எண்டு எழுதாத கடிதத்தைத் திருப்பி அனுப்ப ஏலாது. எப்பிடியும் குடுத்தே ஆகவேணும்."

ஜூலையில் வவுனியாவுக்குப் போவார். கிளாலியில் படகேறி, நேவி சுடுகிற கடலைக் கடக்க வேண்டும். வேண்டாம் என்றேன். "எட்டு வருசமாப் பிள்ளை என்னைக் கடுதாசியா நினைச்சுக்கொண்டிருக்கிறாள்" என்கிறார்.

மடிப்பில் அவர் கையால் பிள்ளைக்கு ஒரு வரி.

அன்புத் தங்கை,
அன்ரனிற்றா

*

பான்
25 ஜூலை 1994

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். உங்கள் இருவரின் சுகம் தெரியாமல் மூன்று நாளாக மனம் ஒரு நிலையில் இல்லை. 22ஆம் திகதி ரெலிபோன் வரவில்லை. லவினியா பகல் முழுவதும் வீட்டை விட்டு அசையவில்லை. மணிக்கு ஒரு தரம் கருவியைத் தூக்கிக் காதில் வைத்து, சத்தம் வருகிறதா என்று பார்த்தாள். பின்னேரம், "லைன் பிழையாக்கும், பெரியம்மா" என்றாள். படகு கிடைக்கவில்லையோ? உடனே எழுது.

உன்னைக் கொஞ்சம் சிரிக்க வைக்கிறேன். மிஷன் திருநாளுக்கு அவள் பாடுகிறாள் என்று சீலை உடுத்து, செபப் புத்தகத்தோடு முன்வரிசையில் போய் இருந்தேன். மேடையில் மண்டபக் காவலாளியின் மகன் எமிலியோ, இசைத்தட்டு ஒன்றை விரலால் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டு நின்றான். தட்டு பழுதாகப் போகிறதே என்று எனக்குப் பதைப்பு. அதற்குள் லாராவும் உன் மகளும், இரண்டு பேர் புகக்கூடிய காற்சட்டையோடு வந்து, ஸ்பானிஷில் வேகமாகக் கதைக்கத் தொடங்கினார்கள். அதற்கு ஹிப் ஹொப் என்று பெயராம். நான் செபப் புத்தகத்தை மூடிவிட்டேன். பக்கத்தில் இருந்த ஸ்பானியக் கன்னியாஸ்திரி கை தட்டினா.

"ஏன் ஸ்பானிஷ்?" என்று கேட்டேன்.

"டொச்சிலை சொன்னா பள்ளிக்கூடத்துக்கு விளங்கும். தமிழிலை சொன்னா உங்களுக்கு விளங்கும்."

"அப்ப இது ஆருக்கு?"

"அதுதான் பெரியம்மா, கொஞ்ச நேரம் எனக்கு."

இது பாட்டு என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. படிப்பு கெடாத வரையில் தடுக்கவும் இல்லை.

பதிலுக்குக் காத்திருக்கும்,
டொறத்தி

*

பாசையூர்
11 ஓகஸ்ட் 1994

இயேசு மரி சூசை துணை

அன்பான அக்காவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். உங்களையும் பிள்ளையையும் ஆண்டவர் காக்கட்டும். வட்டம் போட்ட இடத்திலிருந்து அடுத்த வட்டம் வரைக்கும் உங்களுக்கு மட்டும். வாசிக்கும்போது விட்டுவிடுங்கோ.

○ றெஜினோல்ட் பத்தொன்பதாம் திகதி பின்னேரம் வெளிக்கிட்டார். வெள்ளைச் சேட்டுப் பைக்குள் உங்கள் ரெலிபோன் இலக்கம் இருந்தது. கிளாலியில் ஏறின படகு அக்கரை சேரவில்லை. கவிழ்ந்தது என்கிறார்கள், சுடப்பட்டது என்கிறார்கள். மூன்றாம் நாள் கரையில் எடுத்தோம். இலக்கம் அழியாமல் இருந்தது, பென்சிலால் எழுதியிருக்கிறார். பிள்ளையின் குரலைக் கேட்கப் போன மனுசன். அவள் பிறந்த நாளில்தான் அடக்கம் செய்தோம். அவளுக்கு இது தெரியக் கூடாது. ○

பள்ளிக்கூடத்துப் பெரிய சோதனை முடியும் மட்டும் பெரியம்மா சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும் என்று பிள்ளையிடம் சொல்லுங்கோ. முற்றத்து மாதுளை முதல் தரம் காய்த்திருக்கிறது. பவளம் ரீச்சர் அவளை விசாரித்தா. கோவில் கொடியேற்றத்துக்கு இந்த முறை ஒலிபெருக்கி இல்லை. குளிருக்குக் காது மூடித் திரியச் சொல்லுங்கோ.

தங்கை,
அன்ரனிற்றா

*

பான்
20 நவம்பர் 1994

என் தங்கச்சிக்கு,

சுகம் விசாரிக்கக் கை வரவில்லை. உன் கடிதம் வந்து ஐந்து கிழமைக்குப் பிறகு இதை எழுதுகிறேன்.

அந்த ரெலிபோனைக் கேட்டது நான்.

நீ சொன்னபடி செய்தேன். முதலில் தனியாக வாசித்தேன். ஞாயிறு மேசையில் வட்டத்திலிருந்து வட்டத்துக்குத் தாண்டினேன். குரல் மாறாமல் பார்த்துக்கொண்டேன். ஆய்வுகூடத்தில் கை நடுங்காமல் ஊற்றப் பழகியவள் நான். அவள் கண்ணைத் திறந்து, "அப்பா மடிப்பிலை ஒண்டும் எழுதேல்லையோ?" என்று மட்டும் கேட்டாள். "இல்லை" என்றேன். அது உண்மை. கடிதத்தைப் பூட்டி வைத்துவிட்டேன்.

அவர்களுடைய குழுவுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்: சின் றெமிற்றென்ரே. 'அனுப்புநர் இல்லாமல்' என்று அர்த்தமாம். றெஜினோல்ட் சொன்ன பகிடியை நான் வாசித்தபோது பிடித்துக்கொண்டிருக்கிறாள். நகர இளைஞர் மன்றத்தில் இரண்டு தரம் பாடிவிட்டார்கள். அந்தப் பெயரோடு ஒட்டிய விளம்பரத் தாளைத் தெருவில் கண்டபோது, பஸ் நிறுத்தத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீ சாப்பிட வேண்டும். இது அக்காவின் கட்டளை.

டொறத்தி

*

பாசையூர்
14 ஜூலை 1995

இயேசு மரி சூசை துணை

அன்பான அக்காவுக்கு,

சுகம் என்றுதான் எழுத வேண்டும், நடமாடித் திரிகிறேன். உங்கள் கடிதத்துக்குப் பிறகு நாலு நீலத் தாள் அனுப்பினேன். எல்லாம் கிடைத்ததோ தெரியாது.

○ ஷெல் அடி கிட்ட வருகிறது. இரவில் கோவிலுக்குள் படுக்கிறோம். அக்கா, போனது அவருடைய விருப்பம். உங்கள் மேல் எனக்கு ஒரு சொல் இல்லை. ○

அந்த வேகக் கதைப் பாட்டு நல்லதோ கெட்டதோ எனக்குத் தெரியாது. ஆனால் பிள்ளை வாய் திறக்கிறாள். நான் இங்கே திறக்கிறதில்லை. அவளைத் தடுக்காதேங்கோ.

தங்கை,
அன்ரனிற்றா

*

பான்
17 டிசம்பர் 1995

அன்புத் தங்கைக்கு,

நீ எங்கே இருந்தாலும் சுகமாக இருக்க வேண்டும். யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே நாளில் இடம்பெயர்ந்தது என்று வானொலியில் கேட்டோம். மடுக் கோவிலில் இருக்கிற ஞானப்பிரகாசம் சுவாமியின் பெயருக்கு இதை அனுப்புகிறேன். உன்னைத் தேடிக் கொடுப்பார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நம்பிக்கை எனக்குச் சுலபமாக வருவதில்லை என்பது உனக்குத் தெரியும்.

லவினியா சுகம். ஞாயிறு தோறும் மேசையில் வந்து இருக்கிறாள். வாசிக்க ஒன்றும் இல்லை. இருவரும் தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்புகிறோம்.

அவர்கள் மண்டபத்துக் கழிவறையில் ஒலிப்பதிவு செய்த கசெற் நானூறு விற்றதாம். அங்கேதான் எதிரொலி நல்லதாம்! ஸ்பானியத் தொழிலாளரின் பிள்ளைகள் கை மாறி மாறிக் கேட்கிறார்கள். கொலோனில் ஒரு சின்ன நிறுவனம் இசைத்தட்டுப் போடக் கேட்டிருக்கிறது. முதலில் படிப்பு என்றேன். "ஓம் பெரியம்மா" என்றாள். கணிதத்தில் வகுப்பில் முதல்.

டொறத்தி

*

பான்
12 மே 1996

அன்புத் தங்கைக்கு,

பதில் இல்லாவிட்டாலும் சுகம் கேட்கிறேன். நாங்கள் இருவரும் நலம்.

நேற்றுக் கொலோனில் அவர்கள் பாடினார்கள். பழைய தொழிற்சாலை மண்டபம். கதிரை கிடையாது, எண்ணூறு பேரும் நிற்க வேண்டும். நாற்பத்தொன்பது வயதில் நான்தான் மூத்தவள் என்று நினைத்தேன்; லாராவின் தகப்பன் வேலை முடிந்து, பஸ் ஓட்டுநர் உடையோடு வந்து பக்கத்தில் நின்றார். அவர் என் காதுக்குள் டொச்சில் மொழிபெயர்த்தபடி இருந்தார்.

கடைசியில் 'நீலக் கடிதம்' என்று ஒரு பாட்டு. லவினியா தனியாக முன்னுக்கு வந்தாள். "எஸ்ராமோஸ் பியென்" என்று தொடங்கினாள். "நாங்கள் நலம், உங்கள் நலம் அறிய ஆவல்" என்று லாராவின் தகப்பன் சொன்னார். "இதென்ன, கடிதமா?" என்று என்னையே கேட்டார். உன் மாதுளை வந்தது. பவளம் ரீச்சர் வந்தா. ஒலிபெருக்கி இல்லாத கொடியேற்றம் வந்தது. ஒவ்வொரு அடி முடியவும் எண்ணூறு பேரும் "எஸ்ராமோஸ் பியென்" என்று திருப்பிச் சொன்னார்கள். நாங்கள் நலம், நாங்கள் நலம் என்று இரும்புக் கூரை அதிர்ந்தது. கூட்டம் சேர்ந்து கத்துவதில் எனக்கு என்றைக்கும் பயம்தான். நேற்றுப் பயம் வரவில்லை.

பிறகு அது நடந்தது. எமிலியோ தட்டிலிருந்து கையை எடுத்தான். லவினியா வாயை மூடினாள். பத்துச் செக்கன் ஒன்றுமில்லை. பாட்டு மீண்டும் தொடங்கியது. இரண்டாம் தரம் இருபது செக்கன். மூன்றாம் தரம் அவள் கண்ணையும் மூடிக்கொண்டாள், எங்கள் மேசையில் இருப்பதுபோல. ஆரோ விசில் அடித்தான், மற்றவன் அதட்டினான். அதற்குப் பிறகு எண்ணூறு பேரின் மூச்சு மட்டும் கேட்டது. ஒரு கோவிலில்கூட நான் அப்படி ஓர் அமைதியைக் கேட்டதில்லை. லாராவின் தகப்பன் மொழிபெயர்ப்பதுபோல வாயைத் திறந்தார். பிறகு, "எங்கள் வீட்டிலும் இப்படிச் சொல்லாமல் விட்ட ஓர் இடம் இருக்கிறது" என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது.

திரும்பி வரும்போது ரயிலில் அவளே தொடங்கினாள்.

"பெரியம்மா, நீலத் தாள் எல்லாம் ஒரே அளவு. அம்மா ஓரம் விடமாட்டா. முந்தி நீங்கள் வாசிச்சு முடிக்க நாலு நிமிசம். பிறகு குறைஞ்சிட்டுது."

"நேரம் பாத்தனியோ?"

"பாக்கத் தேவையில்லை. ஒரு வரி குறைஞ்சாலும் எனக்குக் காதிலை தெரியும். அதுதானே என்ரை வேலை."

"அப்ப ஏன் கேக்கேல்லை?"

"நீங்கள் பொய் சொல்லேல்லை. விட்டிட்டுப் போனீங்கள். நானும் விட்டிட்டுப் போனன்." பிறகு கேட்டாள்: "அந்த இடத்திலை என்ன இருக்கு? அப்பா தானே?"

அம்மாவிடம் கேட்க வேண்டும், பொறு என்றேன். தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்து அறையைப் பூட்டி, உன் கடிதங்களை எடுத்து, கைக்கடிகாரத்தை முன்னால் வைத்து, வட்டத்துக்குள் இருப்பவற்றைச் சத்தம் வராமல் வாசித்தேன். நம்புவதற்கு முன் அளந்து பார்க்கிற பழக்கம் எனக்கு. ஓகஸ்ட் பதினொன்றாம் திகதிக் கடிதம்: நாற்பது செக்கன். அவளுடைய ஒத்திகைக் கசெற்றைப் போட்டு, பாட்டின் மூன்றாம் இடைவெளியை அளந்தேன். நாற்பது.

இருபத்தைந்து வருடம் விஞ்ஞானம் படித்தவள், கடிகாரத்தைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டு இருந்தேன்.

தங்கச்சி, எனக்கு அனுமதி தா.

டொறத்தி

*

மடு அகதி முகாம்
8 செப்டெம்பர் 1996

இயேசு மரி சூசை துணை

அன்பான அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். கூடாரத்துக்குள் மூன்று குடும்பம். டிசம்பர்க் கடிதமும் மே கடிதமும் ஒன்றாகக் கிடைத்தன. ஞானப்பிரகாசம் சுவாமி பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தந்தார்.

இரண்டாவது கடிதத்தை நாலு நாள் வைத்து வாசித்தேன். என்னுடைய வரிகளுக்குப் பிள்ளை இடம் விட்டு வைத்திருக்கிறாள். இடம் விட்டவளுக்குத் தாங்கவும் தெரியும். வாசியுங்கோ. முழுவதும் வாசியுங்கோ. இனி நான் வட்டம் போட மாட்டேன்.

பாட்டைக் கேட்க ஆசை.

தங்கை,
அன்ரனிற்றா

*

பான்
2 மார்ச் 1997

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். உன் தொய்வுக்கு மருந்தும் இந்தக் கசெற்றும் மடுவுக்கு வருகிற ஒரு சுவாமியின் கையில் அனுப்புகிறேன்.

நவம்பரில் வாசித்தேன். குரல் மாறாமல் இருக்க இந்தத் தரம் முயலவில்லை. முடித்ததும் அவள், "பென்சிலாலையோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "பேனை எண்டா அழிஞ்சிருக்கும். அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். ரெலிபோனைக் கேட்டது நான் என்றும் சொன்னேன். "குரல் மறந்துபோச்சு எண்டு உங்களிட்டைச் சொன்னது நான்" என்றாள். பிறகு இருவரும் அழுதோம். மூன்று நாள் வெளியே போகவில்லை. நாலாம் நாள் மிஷன் மண்டபத்துக்குப் போனாள்.

இசைத்தட்டு வந்தது. வானொலியில் போட்டபோது, நாற்பது செக்கன் சத்தம் வராமல் போக, அறிவிப்பாளர் கருவி பழுது என்று மன்னிப்புக் கேட்டுவிட்டார்! பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இடைவெளியை வெட்டித் தந்தால் இரண்டாவது தட்டுப் போடலாம் என்று நிறுவனம் சொன்னது. லாரா வேறொன்று கேட்டாளாம்: "இப்பதான் உனக்குத் தெரியுமே, அந்த இடத்தை எழுதி நிரப்பேன்." லவினியா மாட்டேன் என்றாள். ஏன் என்று நானும் கேட்டேன்.

"அது என்ரை வரியில்லை. அம்மாவின்ரை."

பெர்லின்வரைக்கும் போய்ப் பாடினார்கள். இனி இல்லை. லாராவின் குடும்பம் சிலிக்குத் திரும்புகிறது. எமிலியோ மின்தொழில் பழகப் போகிறான். மூன்று வருடம், ஒரு கசெற், ஒரு தட்டு. கடைசி நிகழ்ச்சியில் நானும் "எஸ்ராமோஸ் பியென்" சொன்னேன். மற்றவர்கள் என்னைவிடச் சத்தமாகச் சொன்னார்கள் என்பது வேறு விஷயம்.

மேயில் பெரிய சோதனை. அவளுக்காக மன்றாடு.

டொறத்தி

*

மடு
1 ஜூன் 1997

இயேசு மரி சூசை துணை

அன்பான அக்காவுக்கும் என் மகள் லவினியாவுக்கும்,

மருந்து கிடைத்தது, மூச்சு லேசாக வருகிறது. நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள். சோதனை நல்லாய்ச் செய்திருப்பாய், மகள்.

இங்கே பற்றரி கிடையாது. பக்கத்துக் கூடாரத்து இன்னாசித்தம்பி அண்ணை சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கசெற் போடுவார். மெல்லச் சுற்றினால் குரல் கிழவியாகும், வேகமாகச் சுற்றினால் குருவியாகும். "அண்ணை, ஒரே சீராச் சுத்துங்கோ, இது என்ரை பிள்ளை" என்றேன். சனம் கூடிவிட்டது. மகள், உன் குரல் எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. பிறகு, மாதுளை எந்த இடம் என்று ஒரு சொல்லும் தெரியாமலே தெரிந்தது.

மூன்றாம் தரம் பாட்டு நின்றது.

"தங்கச்சி, நாடா அறுந்துபோச்சு, நிப்பாட்டட்டோ?" என்றார் அண்ணை.

"நிப்பாட்டாதேங்கோ அண்ணை! சுத்துங்கோ!"

அவர் சுற்றச் சுற்ற, நான் என் வரிகளைச் சத்தமாகச் சொன்னேன். மூன்று வருடமாக ஒருவருக்கும் வாய் திறந்து சொன்னதில்லை. பத்தொன்பதாம் திகதி. வெள்ளைச் சேட்டு. அக்கரை சேராத படகு. பென்சில். எல்லாம் அந்த இடத்துக்குள் அடங்கிக்கொண்டு வந்தன. ஒரு சொல்லும் வெளியே விழவில்லை.

அடக்கம் செய்த நாள்வரைக்கும் சொன்னேன். "அவளுக்கு இது தெரியக் கூடாது" என்ற கடைசி வரியை மட்டும் சொல்லவில்லை. அந்த வரியின் நேரம் முழுவதும் டைனமோ சுற்றுகிற சத்தம் கேட்டது.

அது முடிய, மகள், நீ தொடங்கினாய்: எஸ்ராமோஸ் பியென்.

தாள் முடிகிறது. மடிப்பில் ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். அது அப்பாவின் இடம், அப்படியே இருக்கட்டும்.

அம்மா